அவர் கேட்காத ஒரே வீடு

சாகக் கிடந்தவரைப் போர்வையோடு சேர்த்து நான்கு பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கே என்றால், அடுத்த கட்டிலுக்கு.

"தலைப்பக்கம் தாங்குய்யா! மனுஷன தூக்குறியா, மாவு மூட்டைய தூக்குறியா?" என்று மரக்கடைக்காரர் அதட்டினார். தூக்கியதெல்லாம் வார்டு ஆட்கள்தான். மரக்கடைக்காரர் போர்வையின் ஒரு நுனியை இரண்டு விரலால் பிடித்திருந்தார். அதற்கே அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

அவர்களுக்குப் பின்னால், தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மருந்து சொட்டும் பாட்டிலை உயரப் பிடித்தபடி, சாகக் கிடந்தவரின் மனைவி நடந்தாள். வாடகை வீடு மாறுகிறவள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது அவளுக்கு. ஊரில் அவளுக்குத் தையல்காரம்மா என்று பெயர். 

நடந்தது இதுதான். அவளுடைய கணவர் தர்மாஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து நகைக்கடைக்காரர் தானம் கொடுத்த இரும்புக் கட்டிலில் கிடந்தார். காலையில் பார்க்க வந்த மரக்கடைக்காரர் தலைமாட்டில் இருந்த பித்தளைத் தகட்டைப் படித்தார். முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

"என் கட்டில் அங்க காலியா கிடக்கு. இவர போயும் போயும் அந்தாளு தகரத்துல போட்டிருக்கீங்க! தேக்குய்யா என்னோடது!"

தேக்குத்தான். அந்தத் தர்மாஸ்பத்திரியிலேயே மரத்தால் ஆன கட்டில் அது ஒன்றுதான். தலைப்பக்கத்தை உயர்த்த முடியாது, உருட்ட முடியாது, அடியில் பெருக்க முடியாது. அதை உள்ளே கொண்டுவருவதற்காக வாசல் நிலையைப் பெயர்த்தார்கள் என்றும், பெயர்த்த நிலைக்குப் பதிலாகப் புது நிலையையும் மரக்கடைக்காரரே விற்றார் என்றும் சொல்வார்கள். கடைசிக் காலம் வரைக்கும் உழைக்கும் என்று கொடுக்கும்போது சொன்னார். யாருடைய கடைசிக் காலம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

தேக்கின் மேல் இறக்கியதும் கணவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். என்ன நடந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. உதடு அசைந்தது. தையல்காரம்மா பாட்டிலை மாட்டிவிட்டு ஓடிவந்து, வாயருகே காதை வைத்தாள். இரண்டு நாளாகப் பேச்சில்லாத மனிதர்.

"நகைக்கடைக்குச் சேதி போகட்டும்," என்றார். "மெத்தை குடுப்பான்."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. எத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் குப்பை கொட்டியவள் குனிந்து நிற்கிறாள், மனிதர் கடைசியாகச் சொன்ன வார்த்தையில் இருந்தது நகைக்கடைக்காரர். தையல்காரம்மாவுக்கு வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம்.

*

தையல்காரம்மாவின் கணவரை ஊரில் உண்டியல் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே. அவரும் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வரி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மறுநாள், அந்த ஆஸ்பத்திரிக்கு நன்கொடை திரட்டக் கிளம்பியவர். அப்போது அது ஓடு வேய்ந்த இரண்டு அறை. மழை வந்தால் நோயாளிகள் குடையோடு படுத்திருப்பார்கள். இப்போது மூன்று மாடி.

செங்கல்லாலும் சிமெண்டாலும் கட்டியது என்று சொல்கிறவர்களுக்கு விவரம் போதாது. அதை வயிற்றெரிச்சலால் கட்டினார் உண்டியல்.

அவர் கேட்கிற விதமே தனி. மரக்கடைக்குப் போவார். பலகை அடுக்கின் மேல் உட்காருவார். காபி வரும். ஒன்றும் பேசாமல் பாதி குடிப்பார். பிறகு ஒரு பெருமூச்சு விடுவார். குவிந்திருந்த மரத்தூள் பறக்கிற மாதிரி ஒரு பெருமூச்சு.

"நகைக்கடைக்காரருக்கு எவ்வளவு பெரிய மனசு, பாருங்க. பிரசவ வார்டுக்குத் தொட்டில் பூரா நானே தர்றேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நான்தான் யோசிக்கிறேன். இந்த ஊர்ல பொறக்கிற பிள்ளையெல்லாம் நாளைக்கு அவரு பேரைப் பாத்துக்கிட்டேதான கண்ணு முழிக்கும்?"

அவ்வளவுதான். மீதிக் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். அன்றிரவு மரக்கடைக்காரர் புரண்டு புரண்டு படுத்து, மறுநாள் விடிவதற்கு முன் தொட்டில்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். பத்து மணிக்கு உண்டியல் நகைக்கடையில் உட்கார்ந்திருப்பார், இன்னொரு காபியோடும், இன்னொரு பெருமூச்சோடும்.

இப்படியே வளர்ந்த ஆஸ்பத்திரியில் பெயர் பொறிக்காத பொருள் கிடையாது. மூத்திரச் சட்டியில்கூட ஒரு வக்கீல் குடும்பத்தின் மூன்று தலைமுறை இருந்தது. அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து கொடுத்த ஃபேனில் இறக்கைக்கு ஒருவராகப் பெயர் எழுதியிருந்தார்கள். ஃபேன் சுற்றினால் மூத்தவர் யார், இளையவர் யார் என்று தெரியாமல் போகிறதென்று, கூடுமானவரை அதை நிறுத்தியே வைக்கும்படி குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள்.

ஊரே பெருமைப்பட்ட இந்தக் கட்டிடத்தைத் தையல்காரம்மா மட்டும் கண்ணெடுத்துப் பார்க்கமாட்டாள். சக்களத்தி ஒருத்தி இருந்திருந்தால்கூட எதிரே நிறுத்தி நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். மூன்று மாடிக் கட்டிடத்தை எங்கே நிறுத்திக் கேட்பது?

பிள்ளை குட்டி இல்லாத வீடு. காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். வந்தாலும் பேச்சு அதைப் பற்றித்தான். "எக்ஸ்ரே ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு. ஜம்முனு இருக்கு." சொந்த வீட்டு அடுப்படி கரிபிடித்துக் கிடந்தது. ஊரில் அவர் புகழாத முகம் இல்லை. கஞ்சப் பிரபுவை வள்ளல் என்பார், எரிந்து விழுகிறவனைத் தங்கக்கட்டி என்பார். புது ரவிக்கையோடு எதிரே வந்து நின்றால் தையல்காரம்மாவைப் பார்த்து, "சாவி எங்க வச்சே?" என்பார்.

எல்லாவற்றையும்விட அவள் மனதில் முள்ளாகக் குத்தியது வேறு ஒன்று. ஊரில் அவர் ஏறாத படி இல்லை. நாயை ஏவிவிட்ட வீட்டுக்கும் மறுவாரம் போவார். ஆனால் அவளிடம், சொந்தப் பெண்டாட்டியிடம், ஆஸ்பத்திரிக்கென்று ஒரு பொத்தான்கூட அவர் கேட்டதில்லை. வார்டுக்குத் திரைச்சீலை வேண்டும் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்த சமயத்தில், அவள் மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துவைத்து, காத்திருந்தாள். கேட்கட்டும், நல்லா நாலு வாங்கு வாங்கிவிட்டு, பிறகு தைத்துக் கொடுப்போம் என்று இருந்தாள். கேட்கவில்லை. திரைச்சீலையை நகைக்கடைக்காரர் கொடுத்தார். யாரோ ஒரு கத்துக்குட்டி தைத்தது. ஓரம் மடித்த தையல் பாம்பு ஊர்ந்த தடம்போலக் கோணிக்கொண்டு போயிற்று.

மத்தியான வெயில் சாய்கிற நேரத்தில், தேக்குக் கட்டிலைச் சுற்றி அந்தத் திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் டாக்டர் அவருடைய மார்பில் குழாயை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டார். தையல்காரம்மா தலையை ஆட்டினாள். அழவில்லை. திரைச்சீலையின் கோணல் தையலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு இடத்தில் நூல் பிரிந்து தொங்கியது.

*

டாக்டர் போனதும் பெரிய நர்ஸ் உள்ளே வந்தாள். அவர் இமைகளை மூடி, ஈரப்பஞ்சை மேலே வைத்தாள். தலைக்கு இன்னொரு தலையணை கொடுத்து உயர்த்தினாள். பிறகு ஃபேனை நிறுத்தினாள்.

"ஏன் சிஸ்டர்? அண்ணன் தம்பிங்க யாராச்சும் பாக்க வர்றாங்களா?" என்றாள் தையல்காரம்மா, மேலே சுழன்று நிற்கப்போகும் பெயர்களைப் பார்த்து.

"அதுக்கில்லம்மா. காத்து பட்டா கண்ணு காஞ்சிடும்."

"போனவருக்குக் கண்ணு காஞ்சா என்ன, நனைஞ்சா என்ன?"

நர்ஸ் பஞ்சை இன்னொரு முறை சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"அவரு கண்ணு எழுதிக் குடுத்திருக்காரும்மா. யாருக்காச்சும் பார்வை வரும். ஆனா அவரு எழுதினது மட்டும் போதாது, நீங்க சரின்னு சொல்லணும். கண் வங்கிக்குச் சொல்லியாச்சு, கிளம்பிட்டாங்க. இருட்டுறதுக்குள்ள எடுத்தாத்தான் உபயோகப்படும்."

"எப்ப எழுதினாரு?"

"போன வருஷம்."

"உங்ககிட்ட சொன்னாரா?"

"நாங்க எல்லாரும் இருந்தோம். கேக் வெட்டினோம்."

கேக். தையல்காரம்மா அந்த வார்த்தையை மென்று விழுங்கினாள். வீட்டில் அவர் பிறந்த நாளுக்கு அவள் பாயசம் வைத்தபோது, சர்க்கரை கூடாது என்று தள்ளிவைத்த மனிதர்.

"மாட்டேன்," என்றாள்.

"அம்மா..."

"மாட்டேன்னு சொல்லிட்டேன். அந்தக் கண்ணு இந்த ஊர்ல பாக்காத மூஞ்சி உண்டா? என்னைய எப்ப சிஸ்டர் பாத்துச்சு? உயிரோட இருக்கிற வரைக்கும் ஊரைப் பாத்துச்சு, இனிமேயும் ஊரையே பாக்கணுமா? இதாவது எங்கூட வரட்டும்."

நர்ஸ் எத்தனையோ சாவைப் பார்த்தவள். பஞ்சை மறுபடி நனைத்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

சேதி தாழ்வாரத்தில் பரவியது. நன்கொடைக்காரர்கள் ஏற்கெனவே கூடிவிட்டிருந்தார்கள். துக்கத்தில் யார் முந்துவது என்று அங்கே ஒரு பந்தயம் நடந்துகொண்டிருந்தது. நகைக்கடைக்காரர் ஒரு பூவளையம் கொண்டுவந்திருந்தார். மரக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஆளை அனுப்பி வரவழைத்த பூவளையம் லாரிச் சக்கரத்தைவிடப் பெரியதாக வந்து, லிஃப்டுக்குள் நுழையாமல், படிக்கட்டில் மாட்டிக்கொண்டு நின்றது. மேலே போகவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் இரண்டு பிரசவக்காரிகள் அதன் ஓட்டை வழியாகக் குனிந்து போனார்கள்.

மரக்கடைக்காரர்தான் முதலில் உள்ளே வந்தார். கைக்குட்டையால் காய்ந்த கண்ணைத் துடைத்தார்.

"தங்கச்சி, மனசு தளராதே. நல்ல காரியத்துக்குக் குறுக்க நிக்காதே. கண்ணைக் குடுத்துட்டேன்னு வை, வாசல்லயே ஒரு பலகை வச்சிடலாம். என் செலவு. தேக்கு."

"நீங்க உங்க கண்ணைக் குடுங்களேன், அண்ணே."

"நான் இன்னும் உயிரோட இருக்கேனேம்மா!"

"அதுக்கென்ன, ரெண்டு இருக்கே. மரத்தை அளக்க ஒண்ணு போதும்." தையல்காரம்மா ஒரு கணம் நிறுத்தினாள். "நகைக்கடைக்காரர் உசுரோடயே ஒண்ணு தர்றேன்னு சொல்லியிருக்காராமே. அவருக்கு எவ்வளவு பெரிய மனசு."

மரக்கடைக்காரரின் கைக்குட்டை அந்தரத்தில் நின்றது. "எப்பச் சொன்னான்?" என்றார். குரலில் துக்கம் போய் வேறு ஒன்று வந்திருந்தது. ஒரு கையால் தன்னுடைய இடது கண்ணை மூடி, மற்றதால் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே அவர் வெளியே போனதாக நர்ஸுகள் பிறகு சொன்னார்கள்.

அவர் போன சற்று நேரத்தில் மெத்தை வந்தது. நகைக்கடைக்காரர் அனுப்பியது. தேக்குக் கட்டில் சேதி காலையிலேயே எப்படியோ அவரை எட்டியிருந்தது, சாவுச் சேதி கடை ஆட்களை இன்னும் எட்டவில்லை. இலவம்பஞ்சு திணித்த, ஓரத்தில் சரிகை வைத்த மெத்தை. இரண்டு பேர் அதைத் தோளில் சுமந்துகொண்டு கட்டிலருகே வந்து, படுத்திருந்தவரைப் பார்த்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் திகைத்தார்கள்.

"கீழ போட்டுட்டுப் போங்கப்பா," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சொன்னபடியே வாங்கிவிட்டாரே மனுஷன். சிரிப்பு பாதியிலேயே நின்றது. மெத்தையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

*

அப்போதுதான் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஓரகத்தி வந்தாள்.

ஓரகத்தி என்றால் உண்டியலின் அண்ணன் மனைவி. அவளுக்கும் தையல்காரம்மாவுக்கும் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. சத்தமில்லாத போர். இவள் ஒரு நாற்காலி வாங்கினால் அவள் வீட்டில் சோபா முளைக்கும். அவளுக்கு மூட்டுவலி வந்தால் இவளுக்கு இடுப்பு வலிக்கும். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஓரகத்தியின் கணவர் போய்ச் சேர்ந்தபோது, அவள் அவர் கண்ணைத் தானம் கொடுத்தாள். அதிலிருந்து ஆஸ்பத்திரி விழாவுக்கெல்லாம் முதல் வரிசையில் அவளுக்கு இருக்கை. வரவேற்பறையில் அவள் படம். சும்மா இருந்த ஓரகத்தியை இப்படிச் சிம்மாசனத்தில் ஏற்றியது தன் கணவர்தான் என்பதை நினைக்கிறபோது தையல்காரம்மாவுக்கு ஊசி விரலில் ஏறும்.

ஓரகத்தி மைத்துனரின் காலைத் தொட்டாள். கண்ணைத் துடைத்தாள். மெத்தையின் மறுமுனையில் மெல்ல உட்கார்ந்தாள். அவளுடைய மூட்டு ஒரு சத்தம் போட்டது.

"காபி குடிச்சியாடி?"

"வேணாம்க்கா."

சிறிது நேரம் பேச்சில்லை. தாழ்வாரத்தில் பூவளையத்தை யாரோ உருட்டினார்கள்.

"பரவாயில்ல, விடு," என்றாள் ஓரகத்தி. "கண்ணு குடுக்க மாட்டேன்னியாமே. நீ ஒண்ணும் வருத்தப்படாதே. எல்லாருக்கும் அந்த மனசு வந்துடாது. நான் குடுத்தேன்னா அது என் சுபாவம். உன்னைய அதுல சேத்துப் பேச முடியுமா? நான்தான் சொல்லிட்டு வந்தேன், அவளை விட்டுடுங்க, இந்தக் குடும்பத்துல என் படம் ஒண்ணு இருக்கு, அதுவே போதும்னு."

சொல்லிவிட்டு, ஏதோ மறந்துபோனது நினைவுக்கு வந்தவள்போல, ஒரு பெருமூச்சு விட்டாள்.

தையல்காரம்மாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஏறி, உச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் சட்டென்று நின்றது. அந்தப் பெருமூச்சு. இடம் தவறி வந்திருந்தாலும் அது அவளுக்குத் தெரிந்த பெருமூச்சு. முதலில் காபி. அப்புறம் மௌனம். அப்புறம் அடுத்தவரின் பெரிய மனசு.

திரும்பி ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். ஓரகத்தி கூரையைப் பார்த்தாள்.

"யாருக்கா சொல்லிக் குடுத்தது?"

"என்னத்த?"

"அக்கா."

ஓரகத்திக்குப் பொய் நிற்காது. முந்நூறு சண்டை போட்டிருந்தாலும் இவள் இப்படி ஒரு வார்த்தையில் கூப்பிட்டால் அவள் கரைந்துவிடுவாள்.

"உன் வீட்டுக்காரருதான்டி. வேற யாரு? படுக்கையில விழுறதுக்கு முன்னால வீட்டுக்கு வந்தாரு. ஒத்திகையே பாத்தோம். பெருமூச்சு முதல்ல விடணும்னாரு, அப்புறம்தான் பேச்சுன்னாரு. நான் மாத்திப்புட்டேன். எனக்கு எங்க வருது அதெல்லாம்?"

"உங்ககிட்ட வந்தாரா? உங்ககிட்டயா?" தையல்காரம்மாவின் குரல் உயர்ந்தது. "என்கிட்ட வர்றதுக்கு என்ன? ஒரே வீடு. எத்தனை எட்டு இருக்கு? ஊர்ல ஒரு நாய் பாக்கியில்லாம போய்க் கேட்டாரே, என்கிட்ட கேட்டா நான் என்ன கடிச்சா வச்சிருப்பேன்?"

"நானும் அதான் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

ஓரகத்தி சரிகை ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பயமா இருக்கு அண்ணின்னாரு. ஊர்ல எவன் இல்லைன்னு சொன்னாலும் தொடச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவேன், இவ இல்லைன்னு சொல்லிட்டா எந்த வீட்டுக்குப் போறதுன்னாரு. அந்தத் திரைச்சீலைக்குக்கூட உன்கிட்ட கேக்கணும்னுதான் இருந்தாராம். மிஷின் பக்கத்துல வந்து நிப்பாராம். நின்னுட்டு, வேற எதையாச்சும் கேட்டுட்டுப் போயிடுவாராம்."

வேறு எதையாவது. சாவி எங்க வச்சே. தண்ணி காஞ்சிடுச்சா. கத்திரி எங்கேடி, நகம் வெட்டணும். மிஷினை மிதித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் அவள் பதில் சொல்லியிருக்கிறாள். பதில் கிடைத்த பிறகும் ஒரு நொடி கூடுதலாக அவர் அங்கேயே நிற்பார். நிழல் துணியின் மேல் விழுகிறது, தள்ளிப் போங்க என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"நீங்க கொஞ்சம் வெளியே இருங்கக்கா," என்றாள்.

ஓரகத்தி மெத்தையை ஊன்றி எழுந்தாள். திரைச்சீலை வரை போய்த் திரும்பினாள். "நான் சொன்னதுல அந்தப் படம் விஷயம் மட்டும் அவரு சொல்லிக் குடுக்கல. அது நானா சேத்தது."

"தெரியும்க்கா."

*

தேக்குக் கட்டிலில் உட்கார இடமில்லை. நீளத்திலும் உயரத்திலும் தாராளம் காட்டிய மரக்கடைக்காரர் அகலத்தில் மரத்தை மிச்சம் பிடித்திருந்தார். தையல்காரம்மா நின்றுகொண்டே அவரைப் பார்த்தாள். ஈரப்பஞ்சு கண்ணை மறைத்திருந்தது. மூக்கின் பக்கமாக ஒரு சொட்டு தண்ணீர் இறங்கியிருந்தது. புறங்கையால் துடைத்தாள்.

"கேளுங்க," என்றாள்.

ஃபேன் ஓடாத அறையில் அவளுடைய குரல் பெரிதாகக் கேட்டது. வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குனிந்து, தணிந்த குரலில் இன்னொரு முறை சொன்னாள்.

"இப்ப கேளுங்க. நான் எங்கயும் போகல."

காத்திருந்தாள். அவர் மிஷின் பக்கத்தில் நின்ற அளவுக்கு இல்லையென்றாலும், நின்றாள். வெயில் ஜன்னல் கம்பியை விட்டு இறங்கிச் சுவருக்குப் போயிற்று. கட்டிலின் கீழே மெத்தையின் சரிகை மினுங்கியது.

பிறகு திரைச்சீலையை விலக்கித் தாழ்வாரத்துக்கு வந்தாள். மரக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் ஒரே பெஞ்சின் இரு முனையில், முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள். கண் வங்கியிலிருந்து வந்திருந்த நடுத்தர வயதுப் பெண், கையில் சின்னப் பெட்டியோடு சுவரோரமாக நின்றிருந்தாள். திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். பாதி திரும்பியேதான் நின்றாள்.

"வாங்க," என்றாள் தையல்காரம்மா. "எடுத்துக்கங்க. ரெண்டும் நல்லா இருக்கும். தூரத்துல வர்ற பணக்காரனை அவருக்கு ரெண்டு தெரு தள்ளியே தெரியும்."

பெஞ்சில் இரண்டு தலைகள் ஒரே சமயத்தில் திரும்பின.

"தங்கச்சி, அப்ப அந்தப் பலகை..." என்று மரக்கடைக்காரர் தொடங்கினார்.

"பலகை, படம், ஒண்ணும் கிடையாது. அவரு என்கிட்ட கேட்டாரு. நான் குடுக்கிறேன். இதுல ஊருக்கு என்ன வேலை?"

எப்போது கேட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓரகத்தி மட்டும் மூக்கைச் சிந்தினாள்.

உள்ளே வேலை நடந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் தையல்காரம்மா வார்டுக் கதவோரத்திலேயே நின்றாள். உட்காரச் சொன்னார்கள், கேட்கவில்லை. கைகழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. முகம் மாறவில்லை, தூங்குகிற மாதிரியே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள்.

"யாருக்கு வைப்பீங்க?" என்றாள் தையல்காரம்மா.

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"எனக்கே தெரியாதும்மா."

"பொம்பளையா இருந்தா..." என்று இழுத்துவிட்டு நிறுத்தினாள். "இந்த ஊர்க்காரங்களா?"

"இருக்கலாம். ரெண்டு பேருக்கு ஒவ்வொண்ணு வைப்போம். வரிசையில இங்கேயும் ஆளுங்க இருக்காங்க. கடைத்தெருவுல, பஸ்ஸுல எங்கயாவது நீங்களே எதிர்ல பாத்தாலும் பாப்பீங்க."

அந்தப் பெண் இரண்டு கைகளாலும் பெட்டியை அணைத்துக்கொண்டு, தாழ்வாரத்தில் வழிவிட்டு நின்றவர்களுக்கு நடுவே நடந்தாள். எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். அது தன்னைக் கடந்து போகிற நேரத்தில் தையல்காரம்மா காலையிலிருந்து முதல் தடவையாக நெற்றியில் விழுந்து கிடந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள்.